கேட்காமல் எடுத்த பிடி அரிசி

“கையெழுத்து இங்கே போடணும் டீச்சரம்மா. தேதிக்குக் கீழே.”

“படிச்சுட்டுப் போடறேன்.”

“படிக்கிறதுக்கு அதுல இன்னா கீது? கமிட்டியே படிச்சாச்சு.”

“கமிட்டி படிச்சது கமிட்டிக்கு. என் கையெழுத்துக்கு நான்தானே படிக்கணும்?”

சித்தூர் குருமனையின் முன்னறையில், பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டியபடியே நின்றார் ஜெயச்சந்திரன். சபைக் கமிட்டியின் காரியதரிசி அவர். கலெக்டராபீஸில் குமாஸ்தா. இரண்டு வருஷமாக அவருடைய மேஜையில் எல்லைப் படங்களும் சர்வே கற்களின் கணக்குமாகவே வந்து விழுந்துகொண்டிருந்ததில், ஒரு கோட்டைக் கிழித்துவிட்டால் ஆறு, மலை, மனுஷர் எல்லாம் அதற்கு அடங்கி இரண்டாகப் பிரிந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் சபைப் போதகர் எலியேசர் ஐயர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மனோரமா படித்தாள். மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சபையின் மாதர் சங்கத்துக்குக் காரியதரிசி. பிள்ளைகளின் பலகையைத் திருத்துகிறவளைப் போல வரிக்கு வரி விரலை வைத்துப் போனாள். ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலூகா ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேருவதால் திருத்தணி மாதரின் அரிசியைப் பிரித்து அந்தப் பக்கத்துச் சபையிடம் ஒப்படைப்பது என்றும், மிச்ச அரிசியை ஏலம் விட்டுக் கோயில் சுவருக்குச் சேர்ப்பது என்றும் எழுதியிருந்தது. கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது. புத்தூர் ஸ்டேஷன் அருகே சங்கம் நடத்திவரும் கஞ்சிக் கொட்டகை மூடப்படும். தகரம் கழற்றிச் சித்தூருக்குக் கொண்டுவரப்படும்.

“கொட்டகையை ஏன் ஐயா மூடணும்?”

“ராஜ்யமே பிரிஞ்சு போகுதம்மா. சங்கம் மட்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?” என்றார் ஐயர்.

“திருத்தணியில ஒருத்தருக்குக் கால் ஒடைஞ்சா புத்தூருக்குத்தானே வருவாங்க? எலும்பு கட்டற வைத்தியரையும் ரெண்டாப் பிரிச்சு அந்தப் பக்கம் பாதி அனுப்பிட்டாங்களா?”

ஐயரின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்போ என்னவோ, அது வெளியே வருவதற்குள் ஜெயச்சந்திரன் குறுக்கே விழுந்தார்.

“அதி காதம்மா. விஷயம் அது இல்ல. அந்தக் கொட்டாயில யார் யாரோ வந்து குந்திகினு, எல்லைச் சண்டை பேசிகினு கீறாங்கன்னு எங்க ஆபீஸ்லியே பேச்சு. நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா சபை பதில் சொல்லணும். அதுவும் போகட்டும். அரிசி யாருது? நாங்க சம்பாரிச்சது. என் வூட்ல எனக்குத் தெரியாம ஒரு மணி அரிசி வெளிய போனதில்ல, தெரியுமா?”

மனோரமா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகக் குனிந்துகொண்டாள். சங்கத்துக்குப் பெண்கள் சேர்க்கும் பிடி அரிசிப் பானைகளில் சித்தூரில் முதலில் நிரம்புவது ஒவ்வொரு மாதமும் அவர் மனைவி இந்திராணியுடையதுதான்.

“யோசிச்சுப் பாருங்க,” என்றார் ஐயர். அவர்தான் பள்ளிக்கு மேனேஜர். “ஜூன் மாசம் மாத்தல் போடணும். மதனப்பள்ளி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மா கேக்கறாங்க. தனியா இருக்கிற உங்களை அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாதுன்னுதான் நான் பார்க்கறேன்.”

அந்தக் கரிசனம் சொன்ன மிரட்டல் அவளுக்குப் புரிந்தது. கணவன் இறந்த பிறகு பள்ளிக் காம்பவுண்டில் கிடைத்த ஓர் அறைதான் அவளுக்கு வீடு. வேலை போகும் இடத்துக்கு வீடும் போகும். அவள் ஜெயச்சந்திரன் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டுத் திருகி மேஜைமேல் வைத்துவிட்டு, தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

“லெந்து நாள் ஐயா, உபவாச காலம். ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்.”

ஜெபம் பண்ண வேண்டாம் என்று எந்த ஐயர் சொல்ல முடியும்?

*

கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் படம் மாட்டியிருக்கும். அடியில் ‘மாதர் சங்க ஸ்தாபகர்’ என்று எழுதியிருக்கும். பெண்கள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். துரைசானி நல்லவள்தான், கொட்டகைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தவள். ஆனால் தகரத்துக்கு முன்னால் கஞ்சி இருந்தது. கஞ்சிக்கு முன்னால் சென்னம்மா இருந்தாள்.

கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவள் சென்னம்மா. வண்டி குடைசாய்ந்து புருஷனுக்குத் தொடை எலும்பு முறிந்தபோது, அதே வண்டியில் அவனைப் போட்டுப் புத்தூருக்குக் கொண்டுபோனாள். பச்சிலை அரைத்து, முட்டை தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள். மறுகட்டு வரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டும். சாலை ஓரத்துப் புளியமரங்களுக்கு அடியில் அப்படிக் கிடந்த கூட்டம், எந்தெந்த ஊர்க் கூட்டமோ. கட்டுக்கு அங்கே யாரும் கஷ்டப்படவில்லை. வயிற்றுக்குத்தான் கஷ்டப்பட்டார்கள். கட்டுப் போட்ட ஆளை விட்டுப் பெண்சாதி கூலிக்குப் போக முடியாது. போகாவிட்டால் இருவருக்கும் பட்டினி.

திரும்பி வந்த சென்னம்மா ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஆண்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு பெண்கள் பக்கத்துப் பாயில் நின்று கேட்டாள். உலையில் போட அரிசி அளக்கிறோமே, அதில் கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டால் என்ன?

வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாமா என்று யாரோ இழுத்தார்களாம். சென்னம்மா அதற்குச் சொன்ன பதில்தான் இன்றைக்கும் சங்கத்தின் சட்டம். “கேட்டு எடுத்தா அது அவரு குடுத்த அரிசி. கேக்காம எடு. உன் பங்குல கொறைச்சுத் துன்னு. அதுதான் நீ குடுத்த அரிசி.”

அன்றிலிருந்து சபைப் பெண்களின் அடுக்களைகளில் அம்மிக்குப் பின்னாலும் விறகு அடுக்குக்கு அடியிலும் பிள்ளைத் தொட்டிலுக்குக் கீழேயும் சின்னச் சின்னப் பானைகள் முளைத்தன. பச்சரிசி வீட்டில் பச்சரிசி, புழுங்கல் வீட்டில் புழுங்கல், நொய் வீட்டில் நொய். பஞ்ச வருஷங்களில் சோளமும் கேழ்வரகும் விழுந்தன. நகரியில் கோயிலுக்கே வராத தறிக்கார வீட்டுப் பெண்கள்கூட, “உங்க சாமிக்கு எங்க அரிசி ஆவாதா?” என்று கேட்டுப் பிடி போட்டார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊர் ஊராகப் பானைகள் கிளம்பிப் புத்தூர் போய்ச் சேரும். ஆண்களுக்குத் தெரிந்ததெல்லாம், மாதர் சங்கம் ஏதோ தர்மம் பண்ணுகிறது, துரைசானி ஆரம்பித்தது, என்பதுதான்.

மனோரமா அன்று சாயங்காலம் உலை வைத்தாள். ஒற்றை ஆளுக்கு ஓர் ஆழாக்கு. அதில் ஒரு பிடி எடுத்துப் பானையில் போடும்போது கை நின்றது. மற்றவர்கள் புருஷன் கண்ணுக்குத் தப்பி எடுத்தார்கள். அவளுக்குத் தப்ப வேண்டிய கண் எதுவும் இத்தனை நாள் இருந்ததில்லை. இன்றைக்கு இருந்தது. அரிசி விழுந்த சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டதுபோல் அவளுக்குத் தோன்றியது.

இருட்டுவதற்குள் இந்திராணி வந்தாள். முந்தானைக்குள் பானை. மூச்சு வாங்கியது.

“அக்கா, நீங்க கையெழுத்துப் போட்டாலும் போடாட்டியும் சனிக்கிழமை புத்தூர் போறாங்களாம். ரெண்டு கோணி எடுத்து வைச்சிகினு கீறாரு எங்க வூட்டுக்காரர். ஒண்ணுல மெட்ராஸ் அரிசி, ஒண்ணுல ஆந்திரா அரிசி. தகரம் கழட்ட ஆளுகூடச் சொல்லியாச்சு.”

“எந்த பஸ்ல?”

“ஒம்போது மணி பஸ்.”

“அதுக்கு முன்னாடி ஒரு பஸ் இருக்குதே.”

இந்திராணி விழித்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். “அவருக்குக் காலையில காப்பி யாரு போட்டுக் குடுக்கறது?”

“கேட்டுட்டா வரப் போற?”

*

சனிக்கிழமை முதல் பஸ் கார்வேட்டிநகரம் தாண்டும்போதுதான் நன்றாக விடிந்தது. மனோரமா மடியில் பானையை அணைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் இந்திராணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கருங்கல் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி நின்று அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. மதனப்பள்ளிப் பக்கத்துக் குன்றுகளும் இப்படித்தான் இருக்குமா? அங்கே யாருடனும் பேசாமல் ஒரு குளிர்கால மாலை முழுவதும் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். பானையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

புத்தூரில் கொட்டகை விழித்திருந்தது. கட்டுப் போட்ட கைகள், கட்டுப் போட்ட கால்கள், அவற்றுக்குச் சொந்தக்காரர்கள், அவர்களுக்குக் காவலாக வந்தவர்கள். தகரக் கூரைக்குக் கீழே எல்லாரும் சுள்ளி அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திருத்தணிப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் இடுப்பில் பானையோடு பொன்னியம்மா. திருத்தணியில் பூக்கட்டி விற்பவள்; அந்த ஊர்ச் சங்கத்துக்கு அவள்தான் எல்லாம்.

“இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்பிடிக் கீது? யாரு செத்துட்டாங்க?”

மனோரமா சொன்னாள். பொன்னியம்மா பானையைக் கீழே வைக்காமலே முழுவதையும் கேட்டாள்.

“அப்போ ஒண்ணாந்தேதிலேர்ந்து நான் வேற ராஜ்யமா?”

“ஆமா.”

“ரயிலு ஓடுமா?”

“ரயில் ஓடும்.”

“அப்போ பானையும் வரும். போ கண்ணு, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வைச்சிகினு கீற!”

தூணில் சாய்ந்திருந்த வெங்கடசாமி கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். நகரிக்குக் கிழக்கே நிலம் வைத்திருப்பவன். புளி உலுக்கப் போய் விழுந்தவன்.

“எனக்கு ஒரு ஞாயம் சொல்லுங்கம்மா. மரத்துக்கு வேரு ஆந்திராவுல கீது. கிளை மெட்ராஸ்ல கீது. நான் கிளையிலேர்ந்து வுழுந்தேன். இந்தக் கை எந்த ராஜ்யத்துக் கை?”

“துன்னுற கை இன்னொண்ணு கீது இல்ல? அதுக்கு மட்டும் கஞ்சி ஊத்தறோம்,” என்றாள் பொன்னியம்மா. கட்டுப் போட்ட கூட்டம் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மனோரமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கொட்டகையின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஊர்வாரியாகப் பானைகளைச் சுவர் ஓரம் அடுக்கி வைப்பார்கள். ஒரு வாரம் திருத்தணிப் பானை, ஒரு வாரம் நகரிப் பானை என்று முறை வைத்து உலையில் போடுவார்கள். இரண்டு கோணியோடு வருகிறவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு வசதி!

“பெரிய பாயை எடுத்து விரிங்க,” என்றாள்.

பாய் விரிந்தது. முதலில் தன் பானையைக் கவிழ்த்தாள். பிறகு இந்திராணி. பிறகு நகரி. பொன்னியம்மா அப்போதுதான் விளங்கிக்கொண்டவளாக, “ஐயோ என் தாயே!” என்று கூவித் திருத்தணி அரிசியை உயரத்திலிருந்து மழைபோலக் கொட்டினாள். மனோரமா முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் குவியலுக்குள் முழங்கை வரை விட்டுப் புரட்டினாள். பச்சரிசி வெள்ளையும் புழுங்கல் மஞ்சளும் நொய்யும் ஒன்றில் ஒன்று புகுந்தன. மற்றப் பெண்களும் குனிந்தார்கள். குவியல் சரிந்து சரிந்து எழுந்தது. கண்ணாடி போட்ட கலெக்டராபீஸ் முழுவதும் வந்து உட்கார்ந்தாலும் இனி எது எந்த ஊர் அரிசி என்று பொறுக்க முடியாது.

“அண்டாவை ஏத்துங்க. எல்லாத்தையும் போட்டுடலாம்.”

“எல்லாத்தையுமா அக்கா? அடுத்த வாரத்துக்கு?” என்றாள் இந்திராணி.

“அடுத்த வாரம் கொட்டாய் இருந்தா, மாசக் கடைசிக்குக் காத்திருக்காம அரிசி கொண்டு வருவோம். கொட்டாய் இல்லைன்னா அரிசி எதுக்கு?”

ஓர் அண்டா போதவில்லை. ஸ்டேஷன் காப்பிக் கடையிலிருந்து இன்னொன்று வந்தது. கலப்பரிசி லேசில் வேகாது. நொய் குழைந்து களியான பிறகும் புழுங்கல் நடுவில் வேகாமல் நிற்கும். புழுங்கலுக்குப் பக்குவம் வரும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முறை வைத்துக் கிண்டினார்கள். இரண்டு அண்டாவும் ததும்பி வரும் சமயத்தில், தெருக்கோடியில் ஜெயச்சந்திரனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. தோளில் இரண்டு கோணி. பின்னால் ஐயர், குடையோடு. அவருக்கும் பின்னால் தகரம் கழற்ற ஏணியோடு ஓர் ஆள்.

*

ஜெயச்சந்திரன் காலிப் பானைகளைப் பார்த்தார். அண்டாக்களைப் பார்த்தார். கடைசியாக, அகப்பையோடு நின்ற தன் மனைவியைப் பார்த்தார்.

“நீ இங்க இன்னா பண்ற? காலையிலேர்ந்து வூட்ல தேடிகினு…”

“கஞ்சி கிண்டறேன்.”

“யாரைக் கேட்டு வந்த? யாரைக் கேட்டு அரிசியக் கொட்டின?”

“இத்தனை வருஷமா யாரைக் கேட்டு எடுத்தேன்?” என்றாள் இந்திராணி. “தினம் ரெண்டு வேளை. உங்க சோத்துல கொறைக்கல, பயப்படாதீங்க. என் சோத்துல.”

ஜெயச்சந்திரனின் தோளிலிருந்து ஒரு கோணி நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர் காரியதரிசியாகத் தெரியவில்லை. தன் வீட்டு அடுக்களை எங்கே இருக்கிறது என்று யாரையோ விசாரிப்பவரைப்போல நின்றார்.

“மனோரமாம்மா,” என்றார் ஐயர். வெயிலில் நடந்து வந்ததில் குரல் வறண்டிருந்தது. “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னீங்க.”

“பண்ணினேன் ஐயா.”

“கையெழுத்து?”

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, கொண்டுபோனது கொண்டுபோனபடியே மடிப்புக் கலையாமல் அவரிடம் நீட்டினாள்.

“போட மாட்டேன். இது கமிட்டி குடுத்த அரிசி இல்ல, கமிட்டி பிரிக்கிறதுக்கு. நீங்க என்னை மதனப்பள்ளிக்கு அனுப்புங்க, அதைத் தாண்டியும் அனுப்புங்க. அங்கேயும் பொம்பளைங்க உலை வைப்பாங்க. அங்கேயும் ஒரு பிடி எடுக்கச் சொல்லுவேன்.”

“நாங்களும் மெட்ராஸ்லேர்ந்து கொண்டாந்து கொட்டுவோம்,” என்று பின்னாலிருந்து பொன்னியம்மா குரல் கொடுத்தாள். “போலீசு வந்தா அவுங்களுக்கும் ஒரு லோட்டா ஊத்தறோம். ராத்திரி பகலா நின்னுகினு கீறாங்க, பாவம்.”

ஏணிக்காரன் ஏணியைக் கூரையில் சாத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு பெண் அவன் கையிலும் ஒரு தொன்னையைக் கொடுத்தாள். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். தொன்னை எல்லாருக்கும் போயிற்று. கஞ்சி ஊற்றப்பட்டது. காலை நீட்டி உட்கார்ந்தவர்கள், தூணில் சாய்ந்தவர்கள், ஒற்றைக் கைக்காரர்களுக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், ரயில் கூலிகள், கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள் என்று எல்லார் கையிலும் ஆவி பறந்தது. யாரும் வாயில் வைக்கவில்லை. ஸ்தோத்திரம் சொல்லாமல் இந்தக் கொட்டகையில் ஒரு வாய்க் கஞ்சி இறங்கியதில்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனும் இங்கே அந்த ஒரு நிமிஷம் காத்திருப்பான். சென்னம்மா காலத்திலிருந்து பெண்களில் யாராவது ஒருத்தி சொல்வாள். ஐயர்மார் யாரும் இதுவரை இங்கே வந்ததில்லை.

மனோரமா ஒரு தொன்னையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு ஐயருக்கு முன்னால் வந்தாள். அவர் கை தானாக வாங்கிக்கொண்டது. இன்னொரு கையில் குடை இருந்ததால் தடுமாறினார். இந்திராணி வந்து குடையை வாங்கிக்கொண்டாள்.

ஜெயச்சந்திரன் அவர் காதருகே குனிந்தார். “ஐயா, வேண்டாங்க. நீங்க ஜெபம் பண்ணீங்கன்னா கமிட்டியே ஒத்துகினா மாதிரி ஆயிடும். அப்புறம் தகரத்துல கை வைக்க முடியாது.”

அது எல்லார் காதிலும் விழுந்தது. வெங்கடசாமி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தலையில் இருந்த துண்டை மறு கையால் எடுத்தான். அவனைப் பார்த்து மற்ற ஆண்களும் எடுத்தார்கள். பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அண்டாவில் கஞ்சி இன்னும் கொப்புளம் விட்டு அடங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ரேணிகுண்டாப் பக்கமிருந்து வண்டி வரும் அதிர்வில் தகரம் மெல்ல முனகியது.

ஐயர் தொன்னையைப் பார்த்தார். அதில் பச்சரிசியும் புழுங்கலும் நொய்யும் மிதந்தன.

“ஆறிப் போகுது ஐயா,” என்றாள் மனோரமா. “எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. எங்க அரிசிக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க.”